சோப்பு, ஷாம்பு உறைகளைத் தமிழில் விளக்கும் செயலி: நெல்லைச் சீமைக்கு ஏற்ப வடிவமைக்கும் முறை

ஷாம்பு, சோப்பு, முகக்களிம்பு வாங்கும் ஒருவருக்கு, உறையின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் ஆங்கில, இலத்தீன் பெயர்ப் பட்டியலால் பெரும்பாலும் பயன் இருப்பதில்லை. இந்தப் பொருளை எதற்காகச் சேர்த்திருக்கிறார்கள், என் உடம்புக்கு இது ஒத்துக்கொள்ளுமா என்பதே அவர் அறிய விரும்புவது. அதற்குத் தமிழில் பதில் சொல்லும் கைப்பேசிச் செயலி ஒன்றை, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்ட மக்களை மனத்தில் வைத்து உருவாக்க நினைக்கும் மாணவர்களுக்கும் நிரலாளர்களுக்கும் இந்த வழிகாட்டி பயன்படும்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, சிவப்பு, பச்சை வட்டம் காட்டும் வழியில் போக வேண்டாம். ஒரு சேர்மானம் தீங்கு செய்யுமா என்பது அதன் அளவையும், அது தோலில் தங்குகிறதா கழுவப்படுகிறதா என்பதையும், பயன்படுத்துபவரின் உடல்வாகையும் பொறுத்தது. மெத்தில் ஐசோதயசோலினோன் என்னும், கிருமி வளராமல் காக்கும் பொருளை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் அதைத் தோலில் தங்கும் களிம்பு, லோஷன் போன்றவற்றில் தடை செய்திருக்கிறது. கழுவிவிடும் ஷாம்பு போன்றவற்றில் பத்து லட்சத்தில் 15 பங்கு வரை அனுமதிக்கிறது. ஒரே பெயருக்கு இரண்டு விடை இருக்கும்போது ஒற்றை மதிப்பெண் பொய் சொல்லிவிடும். ஆகவே உங்கள் தரவுத்தளத்தில் சேர்மானத்தின் பெயருக்கு நேராக விளக்கத்தை வைக்காமல், சேர்மானம், பொருளின் வகை ஆகிய இரண்டும் சேர்ந்த இணைக்கு நேராக வைக்க வேண்டும். பின்னால் வரும் எல்லா வசதிகளும் இந்த ஏற்பாட்டையே நம்பி நிற்கின்றன.

உறை சொல்வதும் சொல்லாததும்

இந்தியாவில் அழகுப் பொருள்களுக்கான உறை விதிகள் 2020ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளில் இருக்கின்றன. ஒரு விழுக்காட்டுக்கு மேல் உள்ள சேர்மானங்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். ஒரு விழுக்காடும் அதற்குக் கீழும் உள்ளவற்றை அவற்றின் பின்னே எந்த வரிசையிலும் எழுதலாம். இந்த விதியிலிருந்தே பயனுள்ள ஒரு வசதியை உருவாக்கலாம். பீனாக்சிஎத்தனால் என்னும் காப்புப் பொருளுக்கு ஐரோப்பிய விதிகள் வைத்திருக்கும் உச்ச வரம்பு ஒரு விழுக்காடு. அப்பெயர் பட்டியலில் வரும் இடத்துக்குப் பின்னால் இருப்பவை பெரும்பாலும் ஒரு விழுக்காட்டைத் தாண்டுவதில்லை என்று கொள்ளலாம். முன்புறம் கரிசலாங்கண்ணியும் சீயக்காயும் படமாக விரிந்திருக்கும் ஒரு ஷாம்புவின் பட்டியலில் அந்த மூலிகைகள் பீனாக்சிஎத்தனாலுக்குப் பின்னே வந்தால், திரையில் அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்து, "இதற்குக் கீழே உள்ளவை மிகச் சிறிதளவே இருக்கக்கூடும்" என்று எழுதிவிடுங்கள். வாங்குபவர் மீதியைத் தாமே புரிந்துகொள்வார்.

உறை சொல்லாத இடங்களை வடிவமைப்பதற்கு இதைவிட அதிகமாக உழைக்க வேண்டியிருக்கும். 60 மில்லிலிட்டருக்குக் குறைந்த திரவங்களுக்கும் 30 கிராமுக்குக் குறைந்த திடப்பொருள்களுக்கும் சேர்மானப் பட்டியல் அச்சிடக் கட்டாயமில்லை. நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகள் அனைத்தும் இந்த விலக்குக்குள் வந்துவிடுகின்றன. ஷாம்புவைப் பாட்டிலாக வாங்காமல் பாக்கெட்டாகவே வாங்கும் வீடுகள் ஏராளமாக உள்ள வட்டாரத்தில், பாக்கெட்டைக் கைவிட்ட செயலி பாதிப் பேரைக் கைவிட்டதற்குச் சமம் என்றே கருதுகிறேன். பாக்கெட்டின் பார்கோடைப் படித்து, அதே பெயரில் வரும் பெரிய பாட்டிலின் பட்டியலைக் காட்டலாம், ஆனால் "இது பாட்டிலின் பட்டியல், பாக்கெட்டில் கலவை மாறியிருக்கலாம்" என்ற வரி அதே திரையில், அதே எழுத்தளவில் இருக்க வேண்டும்.

ஆயுர்வேத, சித்த மருந்து உரிமத்தில் வரும் தலைக்கழுவிகளிலும் களிம்புகளிலும் வேறொரு சிக்கல் உண்டு. மூலிகைகளின் பெயரும் அளவும் கிராம் கணக்கில் இருக்கும். கடைசியில் "ஷாம்பு பேஸ், தேவையான அளவு" என்று ஒரு வரி இருக்கும். நுரைக்கும் பொருளும் காப்புப் பொருளும் வாசனையும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகின்றன. அங்கே செயலி ஊகிக்கக் கூடாது. மூலிகைகளை விளக்கிவிட்டு, அந்தக் கடைசி வரியில் என்ன இருக்கிறது என்பதை உறை தெரிவிக்கவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும்.

படம் பிடித்துப் பெயரைப் பிரித்தல்

பார்கோடு இருந்தால் ஓப்பன் பியூட்டி ஃபேக்ட்ஸ் என்னும் திறந்த தரவுத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். ஆனால் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் செய்யும் சோப்புக்கும் நலங்கு மாவுக்கும் பார்கோடே இராது. பெரிய நிறுவனப் பொருள்களிலும் பல அந்தத் தளத்தில் இராது. எனவே உறையைப் படம் பிடித்துப் படிக்கும் வழியையே முதன்மையாக வையுங்கள். கூகுளின் எம்.எல். கிட் என்னும் நிரல்தொகுப்பு இலத்தீன் எழுத்துகளை இணையம் இல்லாமல் கைப்பேசியிலேயே படித்துவிடும். அது தமிழ் எழுத்தைப் படிப்பதில்லை, டெசராக்ட் என்னும் எழுத்தறியும் மென்பொருள் படிக்கும். சேர்மானப் பட்டியல் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அச்சாவதால் முதல் பதிப்புக்கு எம்.எல். கிட் போதும்.

படித்த வரியைக் காற்புள்ளி உள்ள இடங்களில் வெட்டினால் பெயர்கள் கிடைத்துவிடும் என்று தோன்றும். ஆனால் 1,2-ஹெக்சேன்டையால் என்ற பெயருக்குள்ளேயே காற்புள்ளி இருக்கிறது. அதை வெட்டினால் ஒரு தனி எண்ணும் அரைகுறைப் பெயருமே மிஞ்சும். இரு இலக்கங்களுக்கு நடுவே இடைவெளியின்றி வரும் காற்புள்ளியை வெட்டக் கூடாது என்ற விதியை முதலிலேயே எழுதிவிடுங்கள். அடுத்து, தவறாகப் படித்த எழுத்துகளைத் திருத்த லெவன்ஷ்டைன் தூரத்தை, அதாவது ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை எழுத்துகளை மாற்றவோ சேர்க்கவோ நீக்கவோ வேண்டும் என்னும் கணக்கை, பயன்படுத்துவார்கள். ஓரெழுத்து வேறுபாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு மன்னிக்கும் நிரல் இங்கே ஆபத்தானது. மெத்தில்பாரபென், எத்தில்பாரபென் ஆகிய இரண்டுக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்து ஒன்றுதான் வேறுபாடு; இரண்டும் வெவ்வேறு பொருள்கள். படித்த சொல்லுக்கு மிக அருகில் இரண்டு பெயர்கள் இருந்தால், இரண்டையும் காட்டி, உறையில் உள்ளது எது என்று பயனரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

பாக்கெட்டின் பளபளப்பும் பாட்டிலின் வளைவும் படத்தைக் கெடுக்கும். பாட்டிலைச் சற்றே திருப்பி இரண்டு மூன்று படங்கள் எடுக்கச் சொல்லி, அவற்றில் பொதுவாக வரும் சொற்களைக் கொண்டு பட்டியலை ஒட்டிக்கொள்ளலாம். மங்கிய விளக்குள்ள கடைக்குள் நின்று சோதித்துப் பாருங்கள். அலுவலக மேசையில் சரியாக வருவது அங்கே வராது.

விளக்க அட்டையை எழுதுதல்

ஒவ்வொரு சேர்மானத்துக்கும் எழுதும் சிறு விளக்கத்தைத்தான் அட்டை என்கிறேன். செயலியின் உயிர் இதில் இருக்கிறது. நேரத்தில் பெரும்பங்கை இதற்கே ஒதுக்குங்கள். ஒரு குளியல் சோப்பின் உறையில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட், தண்ணீர், டால்க், வாசனை, சோடியம் குளோரைடு, டெட்ராசோடியம் ஈ.டி.டி.ஏ., டைட்டானியம் டையாக்சைடு. முதல் இரண்டும்தான் சோப்பு. அவை எண்ணெய்ப் பனை என்னும் வேற்றுநாட்டு மரத்தின் கனியிலிருந்தும் கொட்டையிலிருந்தும் வருபவை. திசையன்விளைக்காரரும் உடன்குடிக்காரரும் இதைத் தங்கள் ஊர்ப் பனையோடு சேர்த்து எண்ணிவிட வாய்ப்பிருப்பதால், அட்டையில் மரத்தின் படத்தையும் வைப்பது நல்லது. டால்க் கட்டியைக் கெட்டியாக்கி அளவை நிரப்புகிறது. டைட்டானியம் டையாக்சைடு வெண்மை தருகிறது.

டெட்ராசோடியம் ஈ.டி.டி.ஏ. என்ற பெயரைக் கண்டு பலர் அஞ்சுவார்கள். அதன் அட்டையை நான் இவ்வாறு எழுதுவேன்: "தண்ணீரிலும் மூலப்பொருளிலும் உள்ள சுண்ணாம்பு, இரும்பு போன்ற உலோகக் கூறுகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் சோப்பு நிறம் மாறாமலும் சிக்கு வாடை ஏறாமலும் இருக்கும். கழுவிவிடும் சோப்பில் மிகச் சிறிதளவே சேர்க்கப்படுகிறது. ஒரு வாளி உப்புத் தண்ணீரை மென்னீராக்க இந்த அளவு போதாது." கடைசி வரி ராதாபுரம் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் குளிப்பவருக்காக எழுதப்படுவது. தாமிரபரணித் தண்ணீரில் நன்றாக நுரைக்கும் அதே சோப்பு அவர் வீட்டில் நுரைக்காமல், முடியில் பிசுபிசுப்பாக ஒட்டும். சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து கரையாத கசடாக மாறுவதே காரணம். ஷாம்புவை நுரைக்கவைக்கும் சோடியம் லாரெத் சல்ஃபேட் போன்றவை அப்படிக் கசடாவதில்லை என்பதால், அத்தகைய தண்ணீரில் தலைக்குச் சோப்பைவிட ஷாம்பு ஏற்றது என்று அதன் அட்டையில் சொல்லலாம். அதே சல்ஃபேட் வறண்ட தோலை மேலும் உலர்த்தக்கூடும் என்பதையும் அங்கேயே எழுத வேண்டும்.

சோப்பின் உறையில் டி.எஃப்.எம். என்ற அளவும் இருக்கும். அது மொத்தக் கொழுப்பு அமிலத்தின் விழுக்காடு. இந்தியத் தரநிலை 2888இன்படி முதல் தரத்துக்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60 வேண்டும். இந்த எண்ணை மட்டும் பெரிதாகக் காட்டினாலே விலையை ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குப் பேருதவியாக இருக்கும்.

இது சைவமா என்று கேட்கும் குடும்பங்களும், ஹலாலா என்று கேட்கும் மேலப்பாளையத்துக் குடும்பங்களும் உங்கள் பயனர்களாக இருப்பார்கள். இக்கேள்விக்கு ஆம், இல்லை என்பவற்றோடு "உறையிலிருந்து அறிய இயலாது" என்ற விடையும் அவசியம். சோடியம் டேலோவேட் விலங்குக் கொழுப்பிலிருந்து வருவது, சி.ஐ. 75470 என்ற சிவப்பு நிறமி பூச்சியிலிருந்து எடுக்கப்படுவது. கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும் செடியிலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம்; பெயரைக் கொண்டு சொல்ல முடியாது. செட்டில் ஆல்கஹால் என்ற பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் அது மெழுகு போன்ற கொழுப்புப் பொருள், மதுவோடு தொடர்பில்லாதது. தெரிந்த உண்மையைச் சொல்லிவிட்டு, முடிவைப் பயனரிடமே விட்டுவிடுங்கள். சமயத் தீர்ப்பு சொல்வது செயலியின் வேலையன்று.

மூலிகைகளுக்கு வட்டாரப் பெயர்களையும் சேருங்கள். அல்பிசியா அமாரா என்பதற்கு அரப்பு என்று மட்டும் எழுதாமல் உசிலை என்றும் எழுதினால் இங்குள்ளவர்க்கு எளிதில் விளங்கும். மூலிகை அட்டைகளைப் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் பயின்றவர்களிடமும், வேதிப்பொருள் அட்டைகளைத் தோல் மருத்துவர் ஒருவரிடமும் காட்டித் திருத்திய பிறகே வெளியிட வேண்டும்.

உரக்கச் சொல்ல வேண்டிய இடங்கள்

மற்ற இடங்களில் அமைதியாகப் பேசும் செயலி, சில இடங்களில் தயங்காமல் எச்சரிக்க வேண்டும். தலைச்சாயத்தில், சிலருக்கு ஒவ்வாமை தரும் பாரா-பீனிலின்டையமின் என்னும் சாயப்பொருள் இருந்தால் திரையின் உச்சியில் பரிசோதனை முறையைக் காட்டுங்கள்: காதின் பின்புறமோ முழங்கை மடிப்பிலோ சிறிது தடவி, 48 மணி நேரம் பார்த்து, அரிப்போ சிவப்போ இல்லையென்றால் மட்டுமே பயன்படுத்த வேண்டும், புருவத்துக்கும் இமைக்கும் ஒருபோதும் தடவக் கூடாது. இத்தகைய எச்சரிக்கையை ஆங்கிலத்தோடு வட்டார மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அச்சின் பொடியளவுதான் அதைப் படிக்கவிடுவதில்லை.

முகத்தை வெளுப்பாக்கும் என்று விற்கப்படும் களிம்புகளில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், ஹைட்ரோகுவினோன் ஆகியவற்றில் எந்தப் பெயர் வந்தாலும் சேர்மான விளக்கத்தை நிறுத்திவிட்டு, "இது மருந்து, மருத்துவர் சொல்லாமல் முகத்தில் தடவ வேண்டாம்" என்று முழுத்திரையில் காட்ட வேண்டும். இவற்றில் முதல் மூன்றும் ஸ்டீராய்டுகள். ஸ்டீராய்டு களிம்பை நெடுநாள் தடவினால் தோல் மெலிந்து, பருவும் சிவப்பும் தோன்றும். திடீரென நிறுத்தினால் எரிச்சல் கூடும். பாதரசம் இன்னும் கடினமானது. கண்ணைச் சுற்றிப் பூசுபவை தவிர்த்த மற்ற அழகுப் பொருள்களில் தற்செயலாகக் கலந்திருக்கும் பாதரசமும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி; சிறுநீரகத்தைக் கெடுக்கும் அப்பொருளைக் கலப்பவர் எவரும் உறையில் எழுதுவதில்லை. ஆகவே வெளுப்புக் களிம்பின் உறையில் தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும், வெளிநாட்டுப் பொருளாயின் இறக்குமதிப் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று செயலி கேட்க வேண்டும். இல்லையென்றால் சேர்மானங்களை விளக்கி அதற்கு நற்சான்று தந்துவிடாதீர்கள்.

ஒட்டுப்பொட்டின் பசையில் உள்ள பாரா-டெர்ஷியரி பியூட்டைல் பீனால் சிலருக்கு நெற்றியில் வெண்திட்டை உண்டாக்கும். பொட்டின் உறையில் சேர்மானப் பட்டியல் பெரும்பாலும் இல்லாததால், படம் பிடிக்காமலே தேடிப் படிக்கக்கூடிய தனிப்பக்கமாக இதை வையுங்கள்.

திரையும் பராமரிப்பும்

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதுமானது. மேலும் கீழும் நீளும் தமிழ் எழுத்துகள் வெட்டுப்படாதபடி வரி இடைவெளியைக் கூட்டுங்கள். ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு அளந்த பொத்தானில் தமிழ்ச் சொல் அடங்காது. படிக்கச் சிரமப்படும் முதியவர்களுக்காக அட்டையை வாய்விட்டு வாசிக்கும் பொத்தான் வேண்டும். மாஞ்சோலைச் சரிவுகளிலும் மலையடிவாரச் சிற்றூர்களிலும் இணையம் சரியாகக் கிடைக்காததால், அட்டைகள் அனைத்தையும் கைப்பேசியிலேயே சேமித்துவிடுங்கள். எழுத்து மட்டும் என்பதால் அதிக இடம் பிடிக்காது. பயனரின் முகப் படமோ தொலைபேசி எண்ணோ இந்த வேலைக்குத் தேவையில்லை, கேட்காதீர்கள்.

நிறுவனங்களிடம் விளம்பரப் பணம் வாங்கினால் அட்டைகளை ஒருவரும் நம்பமாட்டார்கள். ஒவ்வோர் அட்டையின் அடியிலும் கடைசியாகச் சரிபார்த்த மாதத்தையும் ஆண்டையும் போடுங்கள். நிறுவனங்கள் அறிவிப்பின்றிக் கலவையை மாற்றுவதால், சேமித்த பட்டியலும் புதிதாகப் பிடித்த படமும் வேறுபட்டால் படத்தையே நம்பி, பழைய பட்டியலை அன்றே விலக்கி வைக்கும்படி நிரலை எழுதுங்கள்.