வடகடல் கப்பல் பயணம்: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து போகிறவர்கள் மாதத்தைத் தெரிவு செய்வது எப்படி

நோர்வேயிலோ கனடாவிலோ லண்டனிலோ பிள்ளையோ சகோதரமோ இருக்கும் குடும்பங்கள் நமது மாவட்டங்களில் ஏராளம். அங்கே போகும்போது வடக்குக் கடலில் கப்பலிலும் ஒருக்காப் போய்வர வேண்டும் என்ற விருப்பம் பலருக்கு உண்டு. அந்தப் பயணம் நிறைவாக அமைவதும் ஏமாற்றமாக முடிவதும் பெரும்பாலும் மாதத்தைப் பொறுத்தது. நள்ளிரவிலும் மறையாத நள்ளிரவுச் சூரியனையும், இரவு வானத்தில் நிறம் நிறமாய் அலையும் வடதுருவ ஒளியையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது. முதலாவதற்கு இருட்டாத இரவு வேண்டும், இரண்டாவதற்கு நன்றாக இருட்டிய இரவு வேண்டும். ஆகவே எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். லீவு கிடைக்கும் திகதியை முதலில் பிடித்துவிட்டுக் கப்பல் தேடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

இருட்டாத இரவைப் பார்க்க

நோர்வேயின் வட முனையான நோர்ட்காப்பில் மே 14 அளவிலிருந்து ஜூலை 29 அளவு வரை சூரியன் மறைவதில்லை. வட நோர்வேயின் துரொம்சோ நகரில் இது மே 20 அளவில் தொடங்கி ஜூலை 22 அளவில் முடியும். இன்னும் தெற்கே பூடோவில் ஜூன் முதல் வாரத்திலிருந்து ஜூலை முதல் வாரம் வரை, ஒரு மாதம்தான். ஆர்க்டிக் வட்டம் வட அகலக்கோடு 66 பாகை 33 கலையில் இருக்கிறது. அதற்குத் தெற்கே நின்றுவிடும் கப்பலில் எந்த மாதம் போனாலும் நள்ளிரவுச் சூரியன் இல்லை.

இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். சௌதம்ப்டனிலிருந்து புறப்படும் 7 இரவு நோர்வேப் பயணங்கள் பெரும்பாலும் ஸ்டவாங்கர், ஒலெசுண்ட், கெய்ராங்கர் என்று 63ஆம் பாகையைத் தாண்டாமலே திரும்பிவிடும். அவை ஃபியோர்ட்களைப் பார்ப்பதற்கான பயணங்கள். மலைகளுக்கிடையே கடல் நீண்டு உள்நுழைந்த அந்த இடுக்குகள் பார்க்கத் தகுந்தவைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தென்மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகரில் ஜூன் கடைசியில்கூடச் சூரியன் இரவு 11.10 அளவில் மறைந்து விடிய 4.10 அளவில் எழும். விளம்பரத்தில் இருக்கும் படத்தைப் பார்க்காமல், கப்பல் போகும் துறைமுகங்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றும் எத்தனையாவது பாகையில் இருக்கிறது என்று பாருங்கள். துரொம்சோவோ நோர்ட்காப்புக்குப் போகும் ஹொன்னிங்ஸ்வோக் துறையோ அதில் இல்லையென்றால் அது வேறு பயணம்.

ஃபியோர்ட்களுக்கும் ஒரு காலக்கணக்கு இருக்கிறது. மலைப் பனி உருகி அருவிகள் நிறைந்து விழுவது மே, ஜூன் மாதங்களில். ஜூலைக் கடைசியில் பல அருவிகள் மெலிந்துவிடும். ஹார்டாங்கர்ப் பக்கத்துப் பழத்தோட்டங்கள் பூப்பது மே நடுப்பகுதிக்குப் பிறகு. பேர்கனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் ஏப்ரல், மே, ஜூன்தான் மழை குறைந்த மாதங்கள். அருவி, மழை, சூரியன் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மே 25க்கும் ஜூன் 20க்கும் இடையில் புறப்படுவதே சிறந்தது. குளிரும் தாங்கக்கூடியது, தரையில் பனிக்கட்டி வழுக்காது. வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள் வேறு மாதத்தை யோசிக்க வேண்டாம்.

நோர்வேயில் வேலை செய்யும் உறவினருக்குப் பெரும்பாலும் ஜூலையில்தான் நீண்ட லீவு. அவர்களோடு சேர்ந்து போவதானால் ஜூலை முதல் இரண்டு வாரங்களைப் பிடியுங்கள். காசு கூடும், துறைமுகங்களில் சனம் கூடும், வெளிச்சம் இருக்கும்.

ஆகஸ்ட் நமது பாடசாலை விடுமுறை மாதம் என்பதால் கண் அதில்தான் போகும். நள்ளிரவுச் சூரியன் அதற்குள் முடிந்துவிடும். துருவ ஒளி ஆகஸ்ட் கடைசியில்தான் மெல்லத் தலைகாட்டும். பிள்ளைகளோடு ஃபியோர்ட்களை மட்டும் பார்த்துவருவதற்கு அது போதும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

கெய்ராங்கர் போன்ற உலக மரபுரிமை ஃபியோர்ட்களுக்குள் 10,000 தொன்னுக்குக் குறைந்த பயணிகள் கப்பல்கள் 2026 ஜனவரி 1 முதல் புகை வெளிவிடாமல் ஓட வேண்டும் என்பது நோர்வேயின் விதி. பெரிய கப்பல்களுக்கு 2032 வரை அவகாசம். பழைய பட்டியலை நம்பாமல், உங்கள் திகதிக்குரிய பாதையில் எந்த ஃபியோர்ட் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இருண்ட வானத்தைப் பார்க்க

வடதுருவ ஒளிக்குச் செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் கடைசி வரை காலம். ஏப்ரல் முதல் வாரம் கடந்தால் வடக்கே வானம் முழுதாகக் கறுக்காது. இரவும் பகலும் சமமாகும் மார்ச், செப்டெம்பர் மாதங்களை ஒட்டிச் சூரியக் காற்றின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தோடு இலகுவாகப் பிணைவதால், ஒளி தோன்றும் வாய்ப்பு அப்போது கூடுகிறது. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி 2024 அளவில் உச்சத்தைத் தொட்டு இறங்குகிறது என்பதற்காக அவசரப்படத் தேவையில்லை. துருவ ஒளி அதிகம் தோன்றும் வளையத்தின் கீழேயே துரொம்சோ இருக்கிறது. பூமியின் காந்தப்புலக் கலக்கத்தை 0 முதல் 9 வரை அளக்கும் கே.பி. சுட்டெண் 1 அல்லது 2 என்று இருக்கும் இரவிலும் அங்கே ஒளி தெரியும். தடுப்பது பெரும்பாலும் முகில்.

முகிலை வெல்ல ஒரே வழி, வடக்கே அதிக இரவுகள் நிற்பது. அதற்குப் பொருத்தமானது பேர்கனுக்கும் நோர்வேயின் வடகிழக்குக் கோடியிலுள்ள கிர்க்கெனெசுக்கும் இடையே ஆண்டு முழுவதும் ஓடும் கரையோரக் கப்பல். 1893இல் தொடங்கிய சேவை இது. 34 துறைகளில் நிற்கும், போய்த் திரும்ப 12 நாள். நான்காம் நாள் காலையில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்து, திரும்பும்போது பத்தாம் நாள் காலையில் மீண்டும் கடக்கும். ஆக, வட்டத்துக்கு வடக்கே கிடைப்பது 6 இரவுகள். ஒருவழிப் பயணமாக எடுத்தால் அந்த இரவுகளும் குறையும். முழுப் பயணத்தில் ஒளியே தெரியாவிட்டால் இன்னொரு பயணம் இலவசம் என்று உறுதி தருவதும் உண்டு. எந்தத் திகதிகளுக்கு, எத்தனை நாள் பயணத்துக்கு, விமானக் காசு யாருடையது என்ற நிபந்தனைகளைப் படித்துவிட்டு நம்புங்கள்.

அந்த 6 இரவுகள் பூரணையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிலவு வெளிச்சம் மங்கலான ஒளியை விழுங்கிவிடும். வீட்டுச் சுவரில் தொங்கும் கலண்டரில் போயா நாள் இருக்கிறது. போயாவுக்கு முன்னும் பின்னும் மூன்று நாட்களை வெட்டிவிட்டு, அமாவாசையை நடுவில் வைத்து, அதிலிருந்து நான்கு அல்லது ஐந்து நாள் பின்னோக்கி எண்ணினால் பேர்கனில் ஏற வேண்டிய நாள் வரும். உதாரணமாக 2027 செப்டெம்பர் 30 அமாவாசை. செப்டெம்பர் 26இல் ஏறினால் 29இலிருந்து அக்டோபர் 4 வரையான ஆறு இரவுகளும் நிலவில்லாத இரவுகள்.

மார்ச்சா செப்டெம்பரா என்பது அடுத்த கேள்வி. மார்ச்சில் மலையும் கரையும் வெண்பனியில் இருக்கும், நாய் வண்டி போன்றவை நடக்கும். பகலும் பன்னிரண்டு மணித்தியாலம் என்பதால் காட்சிகளுக்குக் குறைவில்லை. துரொம்சோவில் வெப்பநிலை பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். துறைமுகத் தரை வழுக்கும் என்பதால் சப்பாத்தின் அடியில் மாட்டும் ஆணிப்பட்டி வாங்க வேண்டும். செப்டெம்பர்க் கடைசியில் பனி இல்லை. மலைச்சரிவுகள் மஞ்சளும் சிவப்புமாக மாறியிருக்கும், குளிர் 5 பாகை அளவில். மழை அதிகம். வெண்பனியைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் மார்ச். குளிரைத் தாங்குவோமா என்று பயமிருந்தால் செப்டெம்பர்.

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை துரொம்சோவில் சூரியன் எழுவதே இல்லை. மத்தியானத்தில் சில மணித்தியாலம் நீல வெளிச்சம் மட்டும் இருக்கும். டிசெம்பர் விடுமுறைக்கு, குறைந்த காசுக்கு என்று இதை எடுப்பவர்கள், ஃபியோர்ட்களைப் பகலில் பார்க்க முடியாது என்பதைத் தெரிந்தே எடுக்க வேண்டும். நாம் சூரியனுக்குப் பொங்கும் நாட்களில்தான் அங்கே சூரியன் தொடுவானத்துக்குத் திரும்புகிறான். மலைகள் மறைப்பதால் துரொம்சோக்காரர் ஜனவரி 21இல் கொண்டாடுகிறார்கள்.

கடலையும் யோசியுங்கள். நமது கரையில் வாடைக்காற்று அடித்துத் தோணிகள் கரையேறும் அதே மாதங்களில்தான் நோர்வேக் கடலும் மோசமாக இருக்கும். கரையோரக் கப்பல் பெரும்பாலும் தீவுகளின் மறைவில் ஓடினாலும், ஸ்ட்டாட் முனை, ஹூஸ்டாட்விக்கா, பூடோவிலிருந்து லொஃபோட்டனுக்குக் கடக்கும் வெஸ்ட்ஃபியோர்ட், நோர்ட்காப்புக்குக் கிழக்கே பேரன்ட்ஸ் கடல் ஆகிய இடங்களில் திறந்த கடலுக்கு வந்தே ஆகவேண்டும். 2019 மார்ச்சில் வைக்கிங் ஸ்கை என்ற கப்பல் புயலில் எஞ்சின் நின்றுபோய்த் தத்தளித்தது ஹூஸ்டாட்விக்காவில்தான். தலைசுற்றல் உள்ளவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டால் பயன் குறைவு, திறந்த கடலுக்கு ஒரு மணித்தியாலம் முன்பே போட வேண்டும். பேர்கனிலிருந்து வடக்கே போகும்போது பெருநிலம் வலப்பக்கம் இருக்கும். அறை ஒரு பக்கம்தான் என்றால் அதை மனதில் வையுங்கள்.

நமது ஆண்டோடு பொருத்துவது

வயல் செய்கிறவர்களுக்கு வசதியான இடைவெளி இரண்டு. பெரும்போக வேளாண்மை வெட்டி நெல் கொடுத்த பிறகு மார்ச் நடுப்பகுதி ஒன்று. சிறுபோக வெட்டு முடிந்து, பெரும்போக விதைப்பு தொடங்குமுன் செப்டெம்பர்க் கடைசி மற்றது. துருவ ஒளிக்கு நல்ல இரண்டு மாதங்களும் இவையே என்பது நமக்குக் கிடைத்த வாய்ப்பு. மழை முந்தினால் விதைப்பும் முந்தும் என்பதால், அக்டோபர் முதல் வாரத்துக்குள் ஊர் திரும்பும்படி திட்டமிடுங்கள். 12 நாள் கப்பலோடு உறவினர் வீட்டில் தங்கும் நாட்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு இருக்கும் ஊர்க்காரர் மே, ஜூன் பயணத்தைச் சடங்குத் திகதி தெரிந்த பிறகே உறுதி செய்வது நல்லது. கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்களுக்கும் இதே கவனம் தேவை.

கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று, காத்தான்குடி வாசகர்களுக்கு நோன்பு முக்கியம். 2027இல் நோன்பு பெப்ரவரி இரண்டாம் வாரமளவில் தொடங்கும், 2028இல் ஜனவரி கடைசியில். பெருநாள் முடிந்து மார்ச் நடுப்பகுதியில் போகலாம். சூரியன் மறையாத வாரங்களில் மஃரிப், இஷா நேரத்தை எப்படிக் கணிப்பது என்று புறப்படுமுன் உங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். ஹலால் சாப்பாட்டை முன்பதிவின்போதே கேட்க வேண்டும். கப்பலில் ஏறிய பிறகு கேட்டால் மீனும் மரக்கறியும்தான் கிடைக்கும்.

நவம்பர், டிசெம்பரில் புறப்படுகிறவர்களுக்கு முதல் ஆபத்து நமது வீதிதான். மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ஏறினால் கொழும்புப் பாதை அடைபடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது வீதியும் ரயில் பாதையும் எப்படி அறுந்தன என்பதை எல்லோரும் கண்டோம். அந்த மாதங்களில் விமானத்துக்கு இரண்டு நாள் முன்பே கொழும்பில் இருங்கள்.

கனடாப் பக்கம் உறவு இருந்தால்

அங்கிருந்து போவது அமெரிக்காவின் அலாஸ்கா. ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரைதான் கப்பல். மே மாதம் மழை குறைவு, காசும் குறைவு. சமன் மீன் ஏறுவதையும் அதைத் தின்ன வரும் கரடிகளையும் பார்க்க ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. செப்டெம்பரில் மழை பிடித்துக்கொள்ளும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு வன்கூவரில் ஏறினாலும் அமெரிக்க விசா வேண்டும். சியாட்டிலில் ஏறினாலும் கப்பல் கனடாவின் விக்ரோறியாவில் நிற்பதால் கனடா விசாவும் வேண்டும்.

காசும் விசாவும் எந்த ஒழுங்கில்

நோர்வே உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான செங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன் விண்ணப்பிக்க முடியாது. 15 நாளுக்குக் குறைந்தாலும் முடியாது. கப்பல் நிறுவனங்கள் முழுக்காசைப் பெரும்பாலும் 60 முதல் 120 நாளுக்கு முன் கேட்கும். இந்த இரண்டையும் பொருத்தினால் ஒழுங்கு தெளிவாகும். பத்து மாதத்துக்கு முன், திருப்பித் தரக்கூடிய முற்பணத்தோடு அறையைப் பிடியுங்கள். 6 மாதம் திறந்த உடனே விசாவுக்குக் கொடுங்கள். விசா கைக்கு வந்த பிறகு முழுக்காசைக் கட்டுங்கள். பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஈடுசெய்ய வேண்டும். லண்டன் வழியாகப் போய்ச் சௌதம்ப்டனில் ஏறுகிறவருக்குப் பிரித்தானிய விசாவும் வேண்டும், அது மீண்டும் உள்நுழைய அனுமதிப்பதாகவும் இருக்க வேண்டும். நோர்வேக்கு வடக்கே உள்ள அதன் ஸ்வால்பார்ட் தீவுகள் செங்கனுக்கு வெளியே இருப்பதால், அங்கே போகும் கப்பலுக்கு இரண்டு தடவை உள்நுழையும் விசா கேட்க வேண்டும். ஒருதடவை விசாவோடு போனால் நோர்வேக்குத் திரும்ப இறங்க முடியாமல் போகும்.

கப்பல் ஏறும் நாளிலேயே விமானம் இறங்கும்படி ரிக்கற் போடாதீர்கள், ஒரு நாள் முன்பே பேர்கனில் இருங்கள். குளிர்ச் சட்டை, கம்பளி உள்ளுடுப்பு, கையுறை, முழுப் பயணத்துக்குமான மருந்து, இன்சுலின் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி பிந்தி வந்தால் கப்பல் காத்திருக்காது. சிறிய துறைகள் சிலவற்றில் அது 15 நிமிடம்தான் நிற்கும்.