கேஸ்ட்ரோ போஸ்டிங்: கேட்கத் தெரியாமல் செய்யும் தவறுகள்

கேஸ்ட்ரோ, அதாவது வயிறு, குடல், ஈரல் நோய்ப் பிரிவில் பயிற்சிக்குப் போன முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். தலைசுற்றல் என்று சேர்ந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, மலத்துல ரத்தம் போகுதா?" என்று கேட்டேன். "அதெல்லாம் இல்ல தம்பி" என்றார். கேஸ் ஷீட்டில் 'இல்லை' என்று எழுதிவிட்டேன். ரவுண்ட்ஸில் உதவிப் பேராசிரியர் கையுறை மாட்டி ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தார். விரலை எடுத்தபோது நுனியில் தார் மாதிரி ஒட்டியிருந்தது. அந்த நாற்றம் மூக்கை விட்டுப் போக ஒரு நாள் ஆனது.

பெரியவர் பொய் சொல்லவில்லை. ரத்தம் என்றால் அவருக்குச் சிவப்பு. இரைப்பையில் கசியும் ரத்தம் குடல் வழியே இறங்குவதற்குள் கருத்துவிடும். 50 முதல் 100 மில்லி கசிந்தாலே போதும். "வெளிக்குப் போறது கருப்பா, பிசுபிசுன்னு ஒட்டுதா? நாத்தம் அதிகமா இருக்கா?" என்று கேட்டிருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருப்பாகத்தான் போகும். ஆனால் அப்படி ஒட்டாது, அந்த வாடையும் வராது.

மருந்து விஷயத்திலும் இதே கதைதான். "மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றால் பிரஷர், சுகர் மாத்திரையைச் சொல்வார்கள். முட்டி வலிக்குக் கடையில் வாங்கி விழுங்குவது அவர்கள் கணக்கிலேயே வராது. பெரியவரின் மஞ்சப்பையில் பாதி காலியான டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. இரைப்பைப் புண்ணுக்கு அது போதாதா?

அவருடைய ஹீமோகுளோபின் 11 என்று பார்த்து நிம்மதியாக இருந்தது என் அடுத்த தவறு. ரத்தம் போகும்போது அணுக்களும் நீரும் சேர்ந்தே போகின்றன. உடம்பு நீரை இழுத்து ஈடுகட்டிய பிறகுதான் அந்த எண் இறங்கும், அதற்குப் பல மணி நேரம் ஆகும். முதலில் பார்க்க வேண்டியது நாடித்துடிப்பும் பிரஷரும்.

குடிப்பழக்கம் பற்றி மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். "எப்பவாவது" என்ற ஒரே பதில்தான் வரும். மனைவி டீ வாங்கப் போன பிறகு, "ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர்ண்ணே?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். முகத்தில் தீர்ப்பு எதுவும் தெரியக்கூடாது. 180 மில்லி குவார்ட்டரில், 42.8 சதவீதம் என்றால், சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஷீட்டில் 'அவ்வப்போது' என்று எழுதாமல் இந்தக் கணக்கை எழுதுங்கள்.

கீழாநெல்லி சாப்பிட்டேன் என்பவரிடமும் முகம் சுளிக்க வேண்டாம். சுளித்தால் அடுத்து என்ன கஷாயம் குடித்தாலும் சொல்லமாட்டார், ஈரலைக் கெடுத்தது அதுவாகக்கூட இருக்கலாம்.

வயிற்றில் நீர் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும்போது, ஆளைத் திருப்பியதும் தட்டாதீர்கள். நீர் இறங்க அரை நிமிடமாவது வேண்டும்.

கடைசியாக லாக்டுலோஸ், மலத்தை இளக்கி உடம்பின் நச்சை வெளியேற்றும் மருந்து. சிரோசிஸ், அதாவது ஈரல் சுருங்கிக் கெட்டுப்போன நோயாளி மயங்கிப்போய் வந்து, தெளிந்து வீட்டுக்குப் போவார். இரண்டு வாரத்தில் அதே மயக்கத்தோடு திரும்பி வருவார். விசாரித்தால், "பேதியாவுதுன்னு நாங்கதான் சார் நிறுத்திட்டோம்" என்பார் மகன். டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பெயரும் அளவும் சரியாகத்தான் இருக்கும். மகனிடம் வாயால் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்: "ஒரு நாளைக்கு 2, 3 தடவை இளகலாப் போகணும், அதுக்குத்தான் இந்த மருந்து. போகாம இருந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே கூட்டிட்டு வாங்க."