மெயில் பாக்க பிரவுசரே போதுமா, தண்டர்பேர்டு போடணுமா?

எதுல டிசைன் நல்லாருக்குன்னு பாத்து முடிவு பண்ணாதீங்க. உங்க மெயில் எங்க இருக்கணும்னு மொதல்ல யோசிங்க. கூகுள் சர்வர்ல மட்டும் இருந்தா போதும்னா பிரவுசர்ல ஜிமெயில் திறந்தா முடிஞ்சுது. ஒரு காப்பி நம்ம கம்ப்யூட்டர்லயும் இருக்கணும்னாதான் தண்டர்பேர்டு, அவுட்லுக் மாதிரி கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ற மெயில் சாஃப்ட்வேர் எல்லாம்.

ஒரே அக்கவுண்டு, நாளைக்கு நாலஞ்சு மெயில், அதுவும் பாதி ஃபோன்லதான் பாக்கறீங்கன்னா எதையும் இன்ஸ்டால் பண்ண வேணாம். தேடறதுக்கும் ஜிமெயில் சைட்தான் பெஸ்ட், நெட் இல்லாத நேரத்துக்கு க்ரோம்ல ஆஃப்லைன் செட்டிங் ஆன் பண்ணா 90 நாள் மெயில் வரைக்கும் சேத்து வெச்சுக்கலாம். ப்ரவுசிங் சென்டர்ல பாத்தா மட்டும் மறக்காம லாக் அவுட் பண்ணுங்க.

கடைக்கு ஒன்னு, வீட்டுக்கு ஒன்னு, ஜிஎஸ்டிக்கு ஒன்னுன்னு மூணு அக்கவுண்டு வெச்சிருக்கறவங்களுக்கு தண்டர்பேர்டு ரொம்ப உதவும், எல்லா இன்பாக்ஸும் ஒரே இடத்துல வந்துரும், காசும் கிடையாது. விண்டோஸோட கூடவே வந்த பழைய மெயில் ஆப்ப மைக்ரோசாஃப்ட் 2024 கடைசியோட நிறுத்திட்டாங்க, அதுக்கு பதிலா வந்த புது அவுட்லுக்ல ஜிமெயில சேத்தா உங்க மெயில் மைக்ரோசாஃப்ட் க்ளவுடுக்கும் ஒரு காப்பி போகும். எனக்கு அது வேணாம், அதனாலயே நான் தண்டர்பேர்டத்தான் சொல்வேன்.

தண்டர்பேர்டுல அக்கவுண்டு சேக்கும்போது, சர்வர்லேந்து மெயில எந்த வழில எடுக்கணும், ஐமேப்பா (IMAP), பாப்பா (POP)ன்னு கேக்கும். ஐமேப் எடுங்க. அப்பதான் ஃபோன்ல படிச்சது இங்கயும் படிச்சதா காட்டும். பாப்ல மெயில் இறங்குனதும் சர்வர்லேந்து அழிஞ்சுபோற மாதிரி செட்டிங் இருந்தா ஃபோன்ல ஒன்னும் தெரியாது. பாஸ்வேர்டுக்கு கூகுளோட விண்டோவே திறக்கும், அதுல லாகின் பண்ணி அலோ குடுத்தா போதும்.

இப்ப முக்கியமான விஷயம், ஐமேப் பேக்கப் கிடையாது. இங்க டெலீட் பண்ணா அங்கயும் போயிரும், அங்க போனா இங்கயும் போயிரும். வீட்டு லோன் பேப்பர், பழைய ஃபோட்டோ, வெளிநாட்டுல இருக்கற பிள்ளைங்க அனுப்புனதுன்னு தொலைக்கவே கூடாதது எவ்வளவோ மெயில்லதான் கெடக்கு, அத ஒரே இடத்த நம்பி விடாதீங்க. தண்டர்பேர்டுல இடது பக்கம் கீழ லோக்கல் ஃபோல்டர்ஸ்னு இருக்கும், அதுல வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு மெயில செலக்ட் பண்ணி ரைட் க்ளிக்ல காப்பி டூ குடுங்க. மூவ் குடுக்காதீங்க, நடுவுல நெட் போனா தலைவலி. அப்பறம் ஹெல்ப் மெனுல ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போனா ப்ரொஃபைல் ஃபோல்டர், அதாவது தண்டர்பேர்டு உங்க மெயிலயும் செட்டிங்கயும் வெச்சிருக்கற ஃபோல்டர், எங்க இருக்குன்னு காட்டும், தண்டர்பேர்ட மூடிட்டு அந்த ஃபோல்டர அப்படியே எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்ல போட்டு வைங்க.

ஜிமெயில்ல இலவசமா குடுக்கற 15 ஜிபி இடம் கூகுள் ட்ரைவுக்கும் கூகுள் ஃபோட்டோஸுக்கும் சேத்துதான், அது நிறைஞ்சா புது மெயிலே வராது. காப்பி பண்ண மெயில்ல நாலஞ்சு அட்டாச்மென்ட திறந்து பாத்து, சரியா இருந்தா மட்டும் சர்வர்ல இருக்கற பெரிய மெயில அழிங்க. அழிச்சது ட்ராஷ்ல 30 நாள் இருக்கும், அதையும் காலி பண்ணாதான் இடம் கிடைக்கும்.