பைண்டு புத்தகத்தில் ஓசியில் பிழைத்த விளம்பரங்கள்: படிப்பது எப்படி?

முதலில் பரணில் ஏறுங்கள். கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய வீடுகளில் விகடன், கல்கி தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருப்பார்கள். கதைக்காகக் காப்பாற்றிய தாளில் விளம்பரமும் ஓசியில் பிழைத்துக் கிடக்கும். ராமபாணப் பூச்சி அரித்திருக்கும், மெதுவாகப் புரட்டுங்கள். பரண் இல்லாதவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது.

கிழித்த தாளில் பெரும்பாலும் தேதி இருக்காது. விலை அணாவில் இருந்தால் அநேகமாக 1957க்கு முந்தையது, நயா பைசா என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் நடுவில். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகுதான். அவ்வளவு போதும்.

அப்புறம் பொருளின் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் படியுங்கள். முடி கொட்டுகிறது, பையனுக்குப் பாடம் மனதில் நிற்கவில்லை, நிறம் கம்மி, நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்கள் என்று வரிசையாக வரும். இதில் எது 1940, எது நேற்று உங்கள் போனில் வந்தது என்று சொல்லிவிடுங்கள் பார்க்கலாம். இல்லாத பயத்தை உண்டாக்கி விற்றதும் உண்டு. 1930களில் இங்கிலாந்தில் ஹார்லிக்ஸுக்காக 'ராத்திரிப் பட்டினி' என்று ஒரு கோளாறையே விளம்பரக்காரர்கள் கண்டுபிடித்தார்கள், அதாவது தூங்கும்போதே உடம்பு பட்டினி கிடக்கிறதாம், படுக்கப் போகுமுன் ஒரு டம்ளர் குடித்தால் சரியாகிவிடுமாம். சர்க்கரை வியாதியைக் குணமாக்குவேன், ஆண்மையைக் கூட்டுவேன் என்று விளம்பரம் செய்வதை 1954லேயே மத்தியச் சட்டம் தடுத்துவிட்டது. சரி, இன்று காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா அனுப்பிய பொடியை என்ன சொல்ல?

தீபாவளி மலர் கிடைத்தால் விடாதீர்கள். குறுவை அறுத்த காசு டெல்டாவில் கையில் புரளும் நேரம் அது; பட்டும் நகையும் பக்கம் பக்கமாக வரும்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வி.பி.பி. வசதி. பார்சலைத் தபால்காரர் வீட்டு வாசலில் கொடுக்கும்போது பணம் கட்டினால் போதும். பார்க்காமல் வாங்க ஆசை, முன்பணம் அனுப்பப் பயம். இன்றைக்கு 'கேஷ் ஆன் டெலிவரி'யை அழுத்தும் அதே விரல்தான்.

கூப்பன் வெட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், வாங்கிய ஆள் அங்கே மாட்டிக்கொள்வார். எங்கள் பாட்டியின் பைண்டில் கூந்தல் தைல விளம்பரத்தில் ஒரு சதுர ஓட்டை. அதற்குப் பின்பக்கம் தொடர்கதையில் நாயகி எதையோ ஒப்புக்கொள்ளும் ஏழு வரிகள் போய்விட்டன. வெட்டியது தாத்தா என்று பாட்டி சாதித்தாள். போட்டோவில் தாத்தாவுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது.