வெளிநாட்டு விமான நிறுவனத்தில் சேருமுன்: ஒப்பந்தத்தைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்

துபாய், தோஹா, ஹாங்காங் நகரங்களின் விமான நிறுவனங்கள் ஆளெடுக்கும்போதெல்லாம் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் பணிபுரியும் நம் விமானிகளிடையே முதலில் பேசப்படுவது சம்பளம்தான். வளைகுடா நகரங்களில் வருமான வரி இல்லை, வீடு உண்டு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் உண்டு என்று சலுகைகள் நீளும்போது மனம் அங்கே சாய்வது இயல்பு. ஆனால் நீங்கள் நோய்வாய்ப்படும்போதும், சிமுலேட்டர் (மாதிரி விமானி அறை) தேர்வில் தவறும்போதும், ஊர் திரும்ப நினைக்கும்போதும் நிறுவனம் உங்களை எப்படி நடத்தும் என்பதை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களே சொல்லும். அங்கிருந்து படிக்கத் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பயிற்சிக்கான பாண்டை, அதாவது பிணை உடன்படிக்கையை, பாருங்கள். டைப் ரேட்டிங் எனப்படும், குறிப்பிட்ட விமான வகையை ஓட்டத் தகுதி தரும் பயிற்சியை நிறுவனம் தன் செலவில் அளித்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் விலகுவோர் அச்செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று பெரும்பாலும் விதித்திருக்கும். அத்தொகை மாதந்தோறும் குறைந்து வருகிறதா, இறுதி நாள்வரை முழுமையாக நிற்கிறதா, நிறுவனமே ஆட்குறைப்பில் உங்களை அனுப்பினாலும் கட்ட வேண்டுமா என்பனவற்றுக்கு எழுத்தில் விடை பெறுங்கள். பணிக்கொடையையும் இதே கண்ணோடு பாருங்கள். ஐக்கிய அரபு சிற்றரசுகளின் தொழிலாளர் சட்டம் முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள், அதன் பிறகு 30 நாள் என்று அடிப்படைச் சம்பளத்தை வைத்தே அதைக் கணக்கிடுகிறது. ஆகவே மொத்த ஊதியத்தில் படிகள் பெரிதாகவும் அடிப்படைச் சம்பளம் சிறிதாகவும் இருந்தால், விலகும் நாளில் கைக்கு வருவது குறைவாகவே இருக்கும்.

நிறுவனமே மூடப்படுவதும் நடக்கக்கூடியதுதான். இந்தியாவின் ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது, ஹாங்காங்கின் கேத்தே டிராகன் 2020 அக்டோபரில் மூடப்பட்டது, நம் கண்முன்னே ஜெட்ஸ்டார் ஏஷியா 2025 ஜூலை 31ஆம் தேதியோடு சேவையை முடித்துக்கொண்டது. அயல்நாட்டில் அப்படி நேர்ந்தால் வேலையோடு விசாவும், நிறுவனம் தந்த வீடும் சேர்ந்தே போகும். முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு, குடும்பத்தோடு ஊர் திரும்பும் செலவு யாருடையது, ஆட்குறைப்பு பணிமூப்பின்படி நடக்குமா என்று நேர்காணலிலேயே கேளுங்கள். இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் நிறுவனத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது ரோஸ்டர், அதாவது பணிநேர அட்டவணை. பல நாடுகளின் விதிகள் ஓராண்டுப் பறப்பு நேரத்தை 900 முதல் 1,000 மணிக்குள் கட்டுப்படுத்துகின்றன. அந்த எல்லைக்குள்ளேயே ஒருவரைச் சோர்வடையவும் செய்யலாம், ஓரளவு நிம்மதியாக வாழவும் விடலாம். வளைகுடாவில் பறக்கும் நண்பர் ஒருவர் இங்கே தேக்கா வட்டாரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தம் கைப்பேசியில் ஒரு வாரத்தைக் காட்டினார். திங்கள் விடியற்காலை 5 மணிக்கு அவர் இரவுப் பயணம் முடித்து இறங்கியிருந்தார். செவ்வாய்க்கிழமை ஓய்வு நாள் என்று குறித்திருந்தது. புதன் அதிகாலை 2 மணிக்கு அடுத்த புறப்பாடு. திங்கள் பகல் உறக்கத்தில் போனது, செவ்வாய் மாலை மீண்டும் உறங்கியாக வேண்டியிருந்தது. பிள்ளைகளோடு இருக்க அவருக்குக் கிடைத்தது செவ்வாய்க் காலைப்பொழுது மட்டுமே. 'மாதத்துக்கு 8 நாள் ஓய்வு' என்ற சொற்றொடரை நம்பி முடிவெடுக்காமல், அங்கே உங்கள் பதவியில் பறப்பவரிடம் தொடர்ந்து மூன்று மாத ரோஸ்டரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அவற்றில் ஒன்று பள்ளி விடுமுறைக் காலமாக இருக்கட்டும்.

உரிமத்தையும் விமான வகையையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் உரிமத்தைச் சில நாடுகள் எளிதாக ஏற்கும். ஐரோப்பாவிலோ அங்குள்ள உரிமத்துக்காக 13 பாடங்களில் தேர்வு எழுத வேண்டியிருக்கும். ஒருநாள் இங்கே திரும்பும் எண்ணம் இருந்தால், சிங்கப்பூர் ஏர்லைன்சும் ஸ்கூட்டும் பயன்படுத்தும் ஏ350, 787, ஏ320 போன்ற வகைகளில் அனுபவம் சேர்ப்பது பயன் தரும்.

குடும்பக் கணக்கில் பலர் விட்டுவிடுபவை உண்டு. வெளிநாட்டு முதலாளி சிங்கப்பூரின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதிக்குப் பணம் செலுத்துவதில்லை. நீங்களாகவே செலுத்தலாம், அதற்கு ஆண்டு வரம்பு உண்டு. கட்டாயத் தேசிய சேவைக் கடமை உள்ளவர்கள் 6 மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க அனுமதி பெற வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை முழுமையாக வாடகைக்கு விட குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் அங்கே தமிழ் படிக்காமலே வளர்ந்தால், திரும்பி வந்து இங்குள்ள பள்ளியில் தாய்மொழிப் பாடத்தை எதிர்கொள்வது அவர்களுக்குப் பெரும் சுமையாகும்; தமிழ் கற்பிக்கும் பள்ளி அந்நகரில் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

கையெழுத்திட்ட ஒப்பந்தம், பயிற்சி தொடங்கும் தேதி, வேலை விசா ஆகிய மூன்றும் கைக்கு வந்த பின்னரே இப்போதைய நிறுவனத்தில் விலகல் கடிதம் கொடுங்கள்.