சீன மாயக்காதல் தொடரின் படப்பிடிப்பைப் பின்தொடர்வது எப்படி: அரசுப் பட்டியல் முதல் ஒளிபரப்பு நாள் வரை

பிடித்த நாவல் தொடராகிறது என்ற செய்தி காதில் விழுந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது படங்களைத்தான். படங்கள் கிடைக்கும், ஏராளமாகக் கிடைக்கும். அவற்றில் பாதி பழையவை, மீதியில் பாதி வேறு தொடருடையவை. அதனால் நான் சொல்லும் வரிசை தலைகீழானது: முதலில் காகிதம், பிறகு இடம், கடைசியில்தான் படம். தேவர்கள், அசுரர்கள், மூன்று பிறவிக் காதல் என்று போகும் ஷியான்ஷியா வகைத் தொடர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். எந்தத் தொடரைப் பார்க்கலாம், எங்கே பார்க்கலாம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை.

படி 1: பெயர்களைச் சேகரியுங்கள்

ஒரு கோப்பைத் திறந்து, நாவலின் சீனப் பெயர், தொடரின் சீனப் பெயர், நாவலாசிரியர், இயக்குநர், இரு முதன்மை நடிகர்கள், முக்கியப் பாத்திரங்கள் ஆகியவற்றைச் சீன எழுத்திலேயே நகலெடுத்து ஒட்டி வையுங்கள். ஆங்கிலத் தலைப்பை வைத்துத் தேடாதீர்கள். அது ஒளிபரப்பு நெருங்கும்வரை மாறிக்கொண்டே இருக்கும்.

நாவலின் பெயரும் தொடரின் பெயரும் ஒன்றாக இருக்கும் என்றும் நம்பிவிட வேண்டாம். ஜியூலு ஃபெய்ஷியாங்கின் 'பென் வாங் சாய் ட்ஸி' நாவல், சாவ் லியிங்கும் லின் கெங்ஷின்னும் நடிக்க 'யூ ஃபெங் ஷிங்' என்ற தொடராக வந்தது. நாவலின் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடினால், படப்பிடிப்புச் செய்திகளில் பெரும்பகுதி கண்ணில் படாமலேயே போகும்.

இதற்கென்று தனிச் செயலிகள் இருக்கின்றன. எனக்கு வெறும் உரைக் கோப்பே போதும். எந்தக் கைப்பேசியிலும் திறக்கும், எதையும் கேட்காது. மொழிபெயர்ப்புக் கருவிகளில், படத்தைக் காட்டி மொழிபெயர்க்கச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். சுவரொட்டியில் மேலிருந்து கீழாகத் தூரிகை எழுத்தில் இருந்தால் கருவி கண்டதையும் உளறும். எழுத்தாக நகலெடுக்க முடிந்தால், முழு வாக்கியத்தையும் ஒட்டுங்கள். பாத்திரப் பெயர்களைப் பூ, மேகம், இரவு என்று கருவி பிரித்துவிடும். உங்கள் கோப்பு கையில் இருந்தால் யாரைச் சொல்கிறார்கள் என்பது உடனே புரியும்.

படி 2: அரசுப் பட்டியலைப் பாருங்கள்

சீனாவில் தொடர் எடுப்பதற்கு முன்பே தேசிய வானொலி தொலைக்காட்சி நிர்வாகத்திடம் பதிவு செய்ய வேண்டும். தொலைக்காட்சித் தொடர்களின் பதிவுப் பட்டியல் மாதந்தோறும் வெளியாகிறது. தொடரின் பெயர், வகை, அத்தியாய எண்ணிக்கை, படப்பிடிப்பு தொடங்கத் திட்டமிட்ட மாதம், தயாரிப்புக்கு எத்தனை மாதம், எந்த நிறுவனம், கதைச்சுருக்கம் என எல்லாம் அதில் இருக்கும். இணையத் தொடர்களுக்குப் பதிவு முறை தனி. உங்கள் தொடர் முதல் பட்டியலில் இல்லை என்றால் இணையத் தொடராகப் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

பட்டியலில் உள்ள மாதம் திட்டம்தான், வாக்குறுதி இல்லை. ஆனால் அத்தியாய எண்ணிக்கையைக் கவனியுங்கள். 2017இல் வந்த 'மூன்று பிறவி, மூன்று உலகம், பத்து மைல் பீச் மலர்கள்' 58 அத்தியாயம் ஓடியது. 2020 பிப்ரவரியில், தொடர்கள் 40 அத்தியாயத்தைத் தாண்டக்கூடாது, 30க்குள் முடித்தால் நல்லது என்று நிர்வாகம் அறிவுறுத்தியது. அதன்பிறகு பெரிய நாவல்கள் துண்டாகத் தொடங்கின. டோங் ஹுவாவின் 'சாங் ஷியாங் சி' 2023 ஜூலையில் ஒரு பருவமாகவும் 2024 ஜூலையில் மறு பருவமாகவும் வந்தது அப்படித்தான். 2025 ஆகஸ்டில் இந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஆனாலும் அதற்கு முன்பு பதிவான தொடர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கும். எனவே 40 என்ற எண்ணைக் கண்டால், உங்கள் நாவலில் எவ்வளவு வெட்டுப்படும் என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஒளிபரப்புத் தளங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் வரவிருக்கும் தொடர்களின் பட்டியலையும் பலர் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அது விளம்பரதாரர்களைக் கவர்வதற்கான பட்டியல். அதில் பெயர் இருப்பதால் கேமரா சுழலத் தொடங்கிவிட்டது என்று பொருளில்லை.

படி 3: எங்கே படமாகிறது?

பெரும்பாலும் ஹெங்டியன். செஜியாங் மாகாணத்தின் டோங்யாங் பகுதியில் உள்ள இந்தத் திரைநகரம், 1996இல் இயக்குநர் ஷியே ஜின் எடுத்த அபினிப் போர் படத்துக்காகப் பழைய குவாங்சோ தெருவைக் கட்டியதில் தொடங்கியது. இன்று சின் அரண்மனையும் மிங்-சிங் அரண்மனையும் அங்கே எழுந்து நிற்கின்றன. அதே மாகாணத்தில் நிங்போவை ஒட்டிய ஷியாங்ஷான் திரைநகரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் குழு இப்போது எந்த அரங்கில் வேலை செய்கிறது என்ற பட்டியலை ஹெங்டியன் திரைநகரமே வெளியிடுகிறது. இதை விட்டுவிட்டு ரசிகர்கள் ஏன் வதந்திகளின் பின்னால் ஓடுகிறார்கள் என்பது எனக்குப் புரிவதே இல்லை.

தொடக்க விழாவைச் சீனத்தில் 'கைஜி' என்பார்கள். நாம் பூஜை போட்டுப் படம் தொடங்கிப் பூசணிக்காய் உடைத்து முடிப்பதைப் போலவே அங்கும் உண்டு: மேசையில் பழங்கள், ஊதுபத்தி, சிவப்புத் துணி போர்த்திய கேமரா. துணியை விலக்கியதும் படப்பிடிப்பு தொடங்கியதாகக் கணக்கு. நிறைவு நாளுக்கு 'ஷாசிங்' என்று பெயர். இந்த இரு சொற்களின் சீன எழுத்துகளையும் உங்கள் கோப்பில் சேர்த்து, தொடரின் பெயரோடு சேர்த்துத் தேடுங்கள். விழாப் படத்தில் நாயகியைக் காணவில்லை என்றால் கலங்க வேண்டாம். வேறு வேலையை முடித்துவிட்டுப் பின்னர் குழுவில் சேரும் நடிகர்கள் உண்டு. சில குழுக்கள் விழாவைச் சத்தமில்லாமல் முடித்துவிட்டு, அறிவிப்பைத் தாமதமாகவே வெளியிடும்.

படி 4: யாரைப் பின்தொடர்வது?

சீனச் சமூக வலைத்தளமான வெய்போவில் தொடருக்கென்று அதிகாரபூர்வக் கணக்கு இருக்கும். நீல நிற 'வி' குறி நிறுவனக் கணக்கைக் காட்டும். அதோடு தயாரிப்பு நிறுவனம், இயக்குநர், ஆடை வடிவமைப்பாளர். எனக்கு மிகவும் பயன்படுவது கடைசியாகச் சொன்னவர்தான். நட்சத்திரங்களின் கணக்குகளில் விளம்பரங்களே அதிகம். 'சாவ்ஹுவா' என்ற ரசிகர் வட்டங்களில் செய்தி வேகமாக வரும், சண்டையும் அதே வேகத்தில் வரும். சுவரொட்டியில் யார் பெயர் முன்னால் வர வேண்டும் என்று வாரக்கணக்கில் அடித்துக்கொள்வார்கள். கடந்து போங்கள். பழைய வழிகாட்டிகள் சொல்லும் நட்சத்திரத் தரவரிசைப் பட்டியலைத் தேடாதீர்கள். ரசிகர் குழுக்களின் அத்துமீறல்களைக் கட்டுப்படுத்த 2021 ஆகஸ்டில் எடுத்த நடவடிக்கைகளில் அது நீக்கப்பட்டுவிட்டது.

*சேர்க்கை:* நான் சிங்கப்பூரில் இருப்பதால் மேலே சொன்னவை எனக்கு எளிது. "வெய்போ திறக்கவே இல்லை" என்று தமிழ்நாட்டு வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் வெய்போவும் ஒன்று. அதே ஆண்டு நவம்பர் பட்டியலில், சீனத் தொடர்களை ஒளிபரப்பும் வீடிவி (WeTV) செயலியும் சேர்ந்தது. தடையைத் தாண்டும் குறுக்குவழியை நான் சொல்லித்தர மாட்டேன். ஒளிபரப்புத் தளங்கள் நடத்தும் யூடியூப் பக்கங்களில் முன்னோட்டங்களும் படப்பிடிப்புக் காட்சிகளும் வசன வரிகளோடு வருகின்றன. வெய்போ அறிவிப்புகளை எக்ஸ் தளத்தில் மொழிபெயர்த்துப் போடும் ரசிகர்களும் உண்டு. அவர்களில் மூலப் பதிவின் நாளைக் குறிப்பிடுகிறவர்களை மட்டும் பின்தொடருங்கள்.

படி 5: கசிந்த படத்தைச் சோதிப்பது

படப்பிடிப்புத் தளத்தில் வெளியாட்கள் எடுக்கும் படங்களை 'லூடோவ்' என்கிறார்கள். அதிக நேரத்தை விழுங்குவதும் அதிகம் ஏமாற்றுவதும் இந்தப் படிதான். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் இருப்பிடம். 2022 ஏப்ரல் முதல் வெய்போ பதிவுகளில், இணைய முகவரியை வைத்து எழுதியவரின் மாகாணம் காட்டப்படுகிறது. "இன்று ஹெங்டியனில்" என்று தொடங்கும் பதிவின் கீழே செஜியாங் இல்லாமல் வேறு மாகாணம் தெரிந்தால், எடுத்தவர் ஒருவர், போட்டவர் வேறொருவர் என்று கொள்ளலாம். பொய் என்று இதனால் மட்டும் முடிவாகாது. ஆனால் மூலப் பதிவைத் தேடாமல் நம்பாதீர்கள்.

இரண்டாவது, கிளாப் பலகை. தொடரின் பெயரும் காட்சி எண்ணும் அதில் இருக்கும். பலகை தெளிவாகத் தெரியும் ஒரு மங்கலான படம், பலகையில்லாத பத்து அழகான படங்களைவிட மேல். காட்சி எண்ணை நாவலின் அத்தியாய எண்ணோடு பொருத்திப் பார்க்க வேண்டாம். திரைக்கதைக்குத் தனிக் கணக்கு.

மூன்றாவது, பருவம். செஜியாங்கின் கோடையில் வெப்பம் 40 பாகையை நெருங்கும். ஐந்தடுக்குப் பட்டாடைக்கு மேலே கைவிசிறியும் பனிக்கட்டிப் பையும் தெரிந்தால் ஜூலை, ஆகஸ்ட். ஆடைக்கு மேல் தடித்த நீளக் கோட்டும் வாயிலிருந்து புகையும் என்றால் குளிர்காலம். படப்பிடிப்பு ஏப்ரலில் தொடங்கிய தொடரின் பெயரில் மே மாதம் குளிர்கோட்டுப் படம் வந்தால், அது வேறு ஏதோ தொடரின் படம்.

நான்காவதுதான் சுவையானது: ஆடை. மறுபிறவிக் கதைகளில் ஆடையும் கூந்தலும் எந்தப் பிறவி என்பதைச் சொல்லிவிடும். 'பத்து மைல் பீச் மலர்கள்' கதையில் யாங் மி ஏற்ற ஒரே பாத்திரம் குன்லுன் மலையில் ஆண்வேடச் சீடன் சி யின், மண்ணுலகில் எளிய பெண் சு சு, பிறகு நரிகுலத்து அரசி பாய் சியென். மூன்றுக்கும் தோற்றம் வேறு. உங்கள் நாவலில் ஆடை வருணனை வரும் இடங்களையெல்லாம் அத்தியாய எண்ணோடு குறித்து வையுங்கள். படம் கசியும்போது, எந்தக் கட்டம் படமாகிறது என்பதை மற்றவர்களுக்கு முன்பே சொல்லிவிடலாம். நாவலை மறுபடி வாசிக்கவும் ஒரு சாக்கு.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. கதை வரிசையில் யாரும் படம் எடுப்பதில்லை. ஓர் அரங்கு கிடைத்தால், அந்த அரங்கில் நடக்கும் எல்லாக் காட்சிகளையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். இரு குழுக்களாகப் பிரிந்து ஒரே நேரத்தில் எடுப்பதும் உண்டு. எனவே முதல் வாரத்திலேயே சிவப்புத் திருமண ஆடை கசிந்தால், கதையை மாற்றிவிட்டார்கள் என்று கொதிக்க வேண்டாம். இந்த வகைக் கதைகளில் திருமணம் இன்பமாக முடிவது அரிது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதுகு மட்டும் தெரியும் படங்களை ஒதுக்கிவிடுங்கள். சண்டைக்கான மாற்றுநடிகர், விளக்குகளைச் சரிபார்க்க நடிகருக்குப் பதிலாக நிற்பவர் என ஒரே ஆடையில் பலர் இருப்பார்கள்.

சில வாரங்கள் எந்தப் படமும் வராமல் போகும். படப்பிடிப்பு நின்றுவிட்டது என்று அப்போது வதந்தி கிளம்பும். இந்த வகைத் தொடர்களில் சொர்க்கமும் பாதாளமும் மூடிய அரங்குக்குள், பச்சை அல்லது நீலத் திரைக்கு முன்னால்தான் உருவாகின்றன. வெளியே யாருக்கும் எதுவும் தெரியாது. அமைதி நீண்டால் ஹெங்டியன் பட்டியலை மறுபடி பாருங்கள்.

*சேர்க்கை:* செயற்கை நுண்ணறிவு கொண்டு உருவாக்கிய போலிப் படங்களைப் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், அது கச்சிதமாகவே இருக்கும். கொண்டை ஊசியின் தொங்கட்டான்களையும், ஆடை விளிம்பின் பூவேலையையும், பின்னணியில் நிற்கும் ஆட்களின் கைகளையும் பாருங்கள். ஒரே நாளில் வேறு கோணத்தில் வேறொருவர் எடுத்த படம் இருக்கிறதா என்று தேடுவது இவை எல்லாவற்றையும்விட நல்ல சோதனை.

காசு வாங்கிக்கொண்டு படம் பிடித்து விற்கும் 'டைபாய்' ஆட்களிடம் எதையும் வாங்காதீர்கள். அவர்கள் கண்ணில் படாமல் நடிகர்களை மறைக்கக் குடை பிடிப்பதே குழுவில் சிலருக்கு வேலையாகிவிட்டது.

படி 6: ஷாசிங்குக்குப் பிறகு

இனி நீண்ட காத்திருப்பு. படத்தொகுப்பு, கணினி வரைகலை, பின்னணிக் குரல் எல்லாம் முடிய வேண்டும். சீனத் தொடர்களில் நடிகருக்கு வேறொருவர் குரல் கொடுப்பது சாதாரணம். 'யூ ஃபெங் ஷிங்' 2022இல் படமாகி 2024 மார்ச்சில்தான் வந்தது. அதுவரை தினமும் பார்க்க வேண்டியதில்லை, மாதம் ஒருமுறை போதும்.

நீங்கள் தேட வேண்டியது ஒன்றே: வெளியீட்டு உரிமம். 2022 ஜூன் முதல் தேதியிலிருந்து இணையத் தொடர்களுக்கு இந்த உரிமம் வழங்கப்படுகிறது. ஒவ்வோர் அத்தியாயத்தின் தொடக்கத்திலும் அதன் எண் திரையில் தோன்றும். உரிமம் கிடைத்த செய்தி வந்தபின் அறிவிப்பொலியை இயக்கி வையுங்கள். பலநேரம் இரண்டு மூன்று நாள் முன்புதான் தேதி சொல்வார்கள். சில தொடர்கள் காலையில் அறிவித்து மாலையில் வந்துவிடும்.

*சேர்க்கை:* அறிவிக்கும் நேரம் எப்போதும் பெய்ஜிங் நேரம். இந்தியா, இலங்கை வாசகர்கள் அதிலிருந்து இரண்டரை மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். மாலை 6 மணி என்றால் உங்களுக்குப் பிற்பகல் 3.30. தளத்தின் உறுப்பினர்களுக்கு முதல் நாளிலேயே பல அத்தியாயங்கள் திறக்கும். மற்றவர்களுக்கு மெதுவாகத்தான் வரும். உறுப்பினர் இல்லையென்றால் அன்று மட்டும் ரசிகர் வட்டங்கள் பக்கம் போகாதீர்கள்.