கோட்டைப் பெட்டியைப் பிரித்து மேய்வதற்கு முன்: லெகோவில் வேலூர் மதில் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் வாங்கிய லெகோ கோட்டையைப் புத்தகத்தில் உள்ளபடி கட்டி முடித்ததும் அடுத்த ஆசை வந்துவிடும்: இதை நம்மூர்க் கோட்டையாக மாற்றினால் என்ன? வேலூர்க்காரர்கள் மாதிரியைத் தேடி அலைய வேண்டியதில்லை. பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் அகழியும் கருங்கல் மதிலும் கண்ணெதிரே இருக்கின்றன. ஆனாலும் கையில் கிடைத்த சின்னச் சின்னப் பாகங்களையெல்லாம் சுவர் முழுக்க அப்பிவிட்டு, கடைசியில் அம்மை போட்டது போன்ற ஒரு மதிலோடு நிற்பவர்கள்தான் அதிகம்.

நுணுக்கம் என்றால் பாகங்களைக் கூட்டுவது என்று நினைப்பதால் வரும் வினை இது. அகழிக்கு இந்தப் பக்கம் நின்று மதிலைப் பாருங்கள். முக்கால்வாசி வெறும் கல்தான். மூன்றே இடங்களில்தான் கண் நிற்கிறது: மேலே மதில் தலைகள் வரிசை, சுவரை விட்டுத் துருத்தி நிற்கும் பகுதிகள், கீழே கல்லும் தண்ணீரும் தொடும் கோடு. உங்கள் பாகங்களும் பொறுமையும் அந்த மூன்று இடங்களுக்கே போக வேண்டும். மற்ற இடம் சும்மா இருக்கட்டும். சும்மா இருக்கும் சுவர்தான் மற்றதை எடுத்துக் காட்டும்.

இனி இந்தக் கட்டுரையில், கட்டை என்றால் சாதாரண உயரமுள்ள பிரிக். பிளேட் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ளது. குமிழ் என்றால் பாகத்தின் தலையில் துருத்தி நிற்கும் சிறு உருளை. டைல் என்றால் தலையில் குமிழ் இல்லாத வழவழப்பான பிளேட்.

அளவு பார்க்காமல் தொடங்குவது

லெகோ பொம்மை மனிதனின் உயரம் ஏறத்தாழ 4 செ.மீ. அவனை 1.7 மீட்டர் ஆள் என்று வைத்தால் அளவு விகிதம் 1:42 ஆகிறது. அந்தக் கணக்கில் ஒரு குமிழ் அகலம், அதாவது 8 மி.மீ., நிஜத்தில் சுமார் 34 செ.மீ. வேலூர்க் கோட்டையின் பரப்பு 133 ஏக்கர். அதைச் சதுரமாக நினைத்தால் ஒரு பக்கம் 730 மீட்டருக்குச் சற்று மேல். 1:42-இல் செய்தால் மாதிரியின் ஒரு பக்கமே 17 மீட்டரைத் தாண்டும். கல்யாண மண்டபம்தான் பிடிக்க வேண்டும்.

எனவே இரண்டில் ஒன்று. பொம்மை மனிதர்கள் வேண்டுமென்றால் மதிலின் ஒரு துண்டு, ஒரு மூலை, ஒரு வாசல் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். முழுக் கோட்டையும் வேண்டுமென்றால் மனிதர்களை மறந்துவிடுங்கள். 48-க்கு 48 குமிழ் அடித்தட்டு 38.4 செ.மீ. அகலம். அதில் முழுக் கோட்டையை அடக்கினால் ஒரு குமிழ் 15 மீட்டர், ஒரு பிளேட் தடிமன் 6 மீட்டர். மதிலே ஒன்றிரண்டு பிளேட் உயரம்தான் வரும். இரண்டையும் கலந்து, பிளேட் உயர மதிலுக்குப் பக்கத்தில் பெட்டியோடு வந்த ஜன்னலை வைத்தால், அந்த ஜன்னல் மதிலையே விழுங்கிவிடும்.

பக்கவாட்டுக் கணக்கில் சறுக்குவது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது என்பதால் நின்று பார்ப்போம். மதிலில் பெரிய கற்களைக் காட்ட நல்ல வழி, 1×3, 1×4 டைல்களைச் சுவரில் பக்கவாட்டில் பதிப்பது. 1:42-இல் ஒரு மீட்டர் நீளக் கல் மூன்று குமிழ் நீளம் வரும் என்பதால் அளவும் பொருந்திவிடுகிறது. பதிக்க, பக்கத்தில் குமிழ் உள்ள 1×1 கட்டை (வடிவ எண் 87087) வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், குமிழுக்குக் குமிழ் இடைவெளி 8 மி.மீ., கட்டை உயரமோ 9.6 மி.மீ. 87087-ஐ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பக்கக் குமிழ்கள் 9.6 மி.மீ. தள்ளித் தள்ளி நிற்கும். அவற்றின்மேல் ஒரே டைலைப் பொருத்தவே முடியாது. சிலர் அழுத்தி உட்கார வைப்பார்கள். டைல் வளையும், மறுநாள் தெறிக்கும். 5 பிளேட் உயரம் 16 மி.மீ., 2 குமிழ் அகலமும் 16 மி.மீ. என்ற சமன்பாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒரு பக்கக் குமிழ்க் கட்டை, அதன்மேல் 2 பிளேட், அதன்மேல் இன்னொரு பக்கக் குமிழ்க் கட்டை. இப்போது இரண்டு குமிழுக்கும் நடுவே சரியாக 16 மி.மீ.

டைல் பதித்த பலகை உட்காரச் சுவரில் விடும் குழிக்கும் இதே கணக்குதான். 4 குமிழ் அகலப் பலகையை நிமிர்த்தி வைத்தால் 32 மி.மீ. அதற்கு 3 கட்டை உயரம் (28.8) விட்டால் போதாது, 3 கட்டையும் 1 பிளேட்டும் வேண்டும். 6 குமிழ் பலகை 48 மி.மீ., சரியாக 5 கட்டை. மேலே உள்ள மதில் தலை மயிரிழை தூக்கிக்கொண்டு நின்றால், கீழே எங்கோ அந்த ஒரு பிளேட்டை மறந்திருக்கிறீர்கள்.

முன்பின் ஆழத்தையும் பார்க்க வேண்டும். பக்கக் குமிழில் ஒரு பிளேட்டும் ஒரு டைலும் ஏற்றினால் 6.4 மி.மீ. பக்கத்துச் சுவர் ஒரு குமிழ் முன்னால் இருந்தால் அது 8 மி.மீ. ஆக 1.6 மி.மீ. உள்வாங்கி நிற்கும். சமமாக வர வேண்டுமா? 87087-க்குப் பதில் 99780 அல்லது 99781 எண் பிராக்கெட்டை (L வடிவில் மடங்கிய பாகம்) போடுங்கள். அதன் நிமிர்ந்த தகடு 1.6 மி.மீ. தடிமன்; பிளேட்டும் டைலும் சேர்ந்தால் 8 மி.மீ. கச்சிதம். பழங்கால மதிலுக்கு அந்த 1.6 மி.மீ. பள்ளம் தரும் நிழல்கூட அழகுதான். வேண்டுமென்றே விட்டால் அழகு, தெரியாமல் விட்டால் தவறு.

ஒவ்வொரு பலகையையும் குறைந்தது இரண்டு பக்கக் குமிழ்கள் பிடித்திருக்க வேண்டும். ஒன்றே ஒன்று பிடித்தால் கடிகார முள் மாதிரி சுற்றும்.

நிறமும் மேற்பரப்பும்

சுவர் முழுக்க ஒரே வெளிர் சாம்பல் என்றால் சிமென்ட் பூசியதுபோல் இருக்கும். அதற்குப் பயந்து நாலு நிறத்தை வாரி இறைத்தால் சதுரங்கப் பலகை. பத்துக் கல்லில் ஏழு வெளிர் சாம்பல், இரண்டு அடர் சாம்பல், ஒன்று அடர் மணல் நிறம் என்று போங்கள். அடர் கற்கள் இரண்டு மூன்றாகக் கூடி நிற்கட்டும். தண்ணீரை நெருங்க நெருங்க அதிகமாகட்டும். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களையும் பழுப்பையும் மாற்றியது. அதற்கு முந்தைய சாம்பல் சற்று மஞ்சள் கலந்தது, இப்போதுள்ளது நீலம் கலந்தது. வீட்டுப் பழைய டப்பாவிலிருந்து எடுத்துக் கலந்தால் குழல்விளக்கு வெளிச்சத்தில் கறைபோலத் தெரியும். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பிரித்து வைத்துவிடுங்கள்.

98283 என்ற, செங்கல் அடுக்குப்போல் கோடு போட்ட 1×2 கட்டையை எல்லாரும் கிலோ கணக்கில் வாங்குகிறார்கள். அது செங்கல் சுவருக்கானது. கருங்கல் மதிலில் வைத்தால் கல் சிறுத்துப்போய் சுற்றுச்சுவர் ஆகிவிடும். உடைந்து செப்பனிட்ட இடம் என்று காட்ட ஓரிரு இடத்தில் வைக்கலாம், அவ்வளவே.

அகழி

பெட்டியில் வரும் பளிச்சென்ற நீல அடித்தட்டை அப்படியே தண்ணீராக விடுவது கண்ணுக்கு முதலில் படும் தவறு. இந்த அகழியின் நீர் நீச்சல்குள நீலம் இல்லை. அடியில் அடர் மணல், ஆலிவ் பச்சை, அடர் பச்சை பிளேட்டுகளை ஒழுங்கில்லாமல் பரப்பி, மேலே நிறமற்ற அல்லது பச்சை கலந்த ஒளிபுகும் 1×2 டைல்களைப் பதியுங்கள். 16×16 இடத்துக்கு 128 டைல் பிடிக்கும். எல்லாவற்றையும் மதிலுக்கு இணையான ஒரே திசையில் வையுங்கள். குறுக்கும் நெடுக்கும் வைத்தால் குளியலறைத் தரை.

அடுத்தது, நீரும் தரையும் ஒரே மட்டத்தில் இருப்பது. அடித்தட்டை வெட்டித் தண்ணீரைத் தாழ்த்த முடியாது. நிலத்தைத்தான் உயர்த்த வேண்டும். 2 கட்டை உயரமாவது வேண்டும். 32×16 நிலத்துக்கு அடியில் 2×4 கட்டைகளால் முழுக்க அடைத்தால் 128 கட்டை போய்விடும். 2×2 கட்டைகளால் நீளவாக்கில் 5, அகலவாக்கில் 3 என 15 தூண்கள் எழுப்பினால் 30 கட்டையில் முடியும். மேலே பிளேட்டை இரண்டு அடுக்காக, கீழ் இணைப்பின்மேல் மேல் இணைப்பு வராமல் போட வேண்டும். ஒரே அடுக்கு என்றால் மதில் ஏறியதும் நடுவில் தொய்யும்.

பெட்டியின் எலும்பைப் பிடுங்குவது

வாங்கிய மாதிரியின் சுவருக்குள் சம்பந்தமில்லாமல் சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டைகள் இருக்கும். வெளியே தெரியாதவைதானே என்று உருவிவிடுவார்கள். பல நேரம் அவைதான் இரண்டு பகுதிகளைப் பிணைப்பவை. எடுக்கும் முன் புத்தகத்தில் அது வரும் பக்கத்தைப் பாருங்கள். எத்தனை கட்டைகளை அது தொடுகிறது என்று எண்ணுங்கள். இரண்டுக்கு மேல் என்றால் மாற்று வைத்த பிறகே எடுங்கள். கழற்றிய பாகங்களை அந்தப் பக்க எண் எழுதிய ஜிப் கவரில் போட்டுவைத்தால் பின்வாங்க வழி இருக்கும்.

கழற்றப் பல்லையும் கத்தியையும் பயன்படுத்தாதீர்கள், பெரிய பெட்டிகளில் வரும் ஆரஞ்சுப் பிரிப்பான் எதற்கு இருக்கிறது? ஒளிபுகும் பாகத்தின்மேல் ஒளிபுகும் பாகத்தை அழுத்திப் பொருத்தினால் அதுவும் கைவிடும். நடுவில் ஒரு சாதாரண பிளேட் இருக்கட்டும். செம்பழுப்பு, அடர் சிவப்புப் பாகங்கள் சில ஆண்டுத் தயாரிப்புகளில் நொறுங்கும் குணமுள்ளவை. பழைய பெட்டியிலிருந்து எடுத்தவற்றைக் கதவுக்கும் பிடிகளுக்கும் போடாதீர்கள். இரண்டு குமிழுக்கு நடுவில் பிளேட்டைச் செங்குத்தாகச் செருகும் வித்தை படத்தில் நன்றாக இருக்கும், ஆனால் பிளாஸ்டிக் எப்போதும் இழுவிசையில் நிற்கும். வளைந்த இடத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அந்தப் பாகத்தின் ஆயுள் முடிந்தது.

பசை வேண்டாம். ஒளிபுகும் பாகத்தில் உடனடிப் பசை வெள்ளையாகப் பூத்துவிடும். கறை எடுக்கத் தின்னரோ நகப்பூச்சு நீக்கியோ தொடக்கூடாது. கட்டைகள் செய்யப்பட்ட ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

வாங்கும்போது

வரைந்து முடிக்கும் முன் வாங்காதீர்கள். லெகோ பாகங்களை விற்கும் இணையச் சந்தையான பிரிக்லிங்கின் இலவச 'ஸ்டுடியோ' மென்பொருளில் கட்டிப் பார்த்தால் மோதும் இடங்களைக் காட்டிவிடும். ஆனால் அது உலகில் இல்லாத நிறத்தையும் பூசிக் காட்டும்; அந்தப் பாகம் அந்த நிறத்தில் வந்திருக்கிறதா என்று பட்டியலில் சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள். பாகத்தின் அடியில் பொறித்திருப்பது பெரும்பாலும் வடிவ எண். நிறத்தையும் சேர்த்துக் குறிப்பது வேறு எண். வடிவ எண்ணை மட்டும் கொடுத்து ஆர்டர் செய்தால் சாம்பல் கேட்ட இடத்தில் ஊதா வந்து இறங்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் பாகத்தின் விலையைத் தாண்டும். மூன்று தவணையாக வாங்காமல், பட்டியலோடு பத்தில் ஒரு பங்கு கூட்டி ஒரே தடவையில் வாங்குவது மலிவு.

விலை குறைவு என்று பஜார் டூப்ளிகேட் கட்டைகளை உள்ளே நிரப்பும் பழக்கமும் உண்டு. ஒரு குமிழுக்கு 0.05 மி.மீ. கூடினாலே 40 குமிழ் நீளச் சுவரில் 2 மி.மீ. ஆகிவிடும்; வெளிச்சுவர் பிதுங்கும். மதிலோடு பிணையாமல் தனியே நிற்கும் பாறை, மேடு போன்றவற்றுக்கு மட்டும் அவற்றை ஒதுக்குங்கள்.

வெயிலும் உப்புத் தண்ணீரும்

மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மேற்குப் பார்த்த ஜன்னலோரம் வைத்த மாதிரியில் வெள்ளையும் வெளிர் சாம்பலும்தான் முதலில் மஞ்சளாகும். மூடிய காரில் வைத்துவிட்டுப் போனால் மெல்லிய நீளப் பிளேட்டுகள் வளையும். கழுவ லெகோ சொல்லும் உச்ச வெப்பம் 40 டிகிரி. கோடையில் நண்பகலில் மொட்டை மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் வரும் நீரே கையைச் சுடும்; வாளியில் பிடித்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்தபின் அடர்நிறக் கட்டைகளில் வெள்ளைப் பூப் படியும். சோப்பு நீரில் கழுவியபின் கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் போதும். துணியில் பரப்பி, வெயிலில் அல்ல, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் உலரவிடுங்கள்.

விளக்கு வைப்பதாக இருந்தால் சுவர் எழும்பும்போதே வைக்க வேண்டும். மெல்லிய கம்பியைக் குமிழின் தலைமேல் போட்டு அழுத்தினால் நசுங்கும்; குமிழ்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் விடுங்கள். 20 எல்இடி, ஒன்றுக்கு 20 மில்லி ஆம்பியர் என்றால் 400 ஆகிறது. கணினியின் பழைய வகை யூஎஸ்பி துளை 500 வரைதான் தாங்கும். அடித்தட்டுக்குப் பக்கத்தில் ஒரு விரற்கடை நீளக் கம்பியைச் சுருட்டி மிச்சம் வையுங்கள். இல்லாவிட்டால் ஒற்றை விளக்கு அணைந்ததற்காக மதிலையே இடிக்க வேண்டிவரும்.